அறுநூற்று நாற்பது கிராம்

வேதாளை நண்டுக் கம்பெனியின் மின்தராசில்
வேலை முடிந்த பிறகு அதைக் கிடத்தினேன்.
ஐந்து கிலோ எண்ணூற்று இருபது.
விரித்திருந்த செய்தித்தாளைக் கழித்தால்
எண்ணூற்றுப் பத்து.
"இது எந்தக் கடல் நண்டு?" என்றாள் ஜெரினா,
சதை பிரித்த விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தபடி.

கோயம்புத்தூர் ஆரோன் போனில் சொன்ன கணக்கு:
குழலை மட்டும் மாற்றினால்
அறுநூற்று நாற்பது கிராம் போய்விடும்.
அதே நீளம், அதே துளை, சுவர் மட்டும் மெலிசு.
"தோளுக்கு நிம்மதி மேடம்.
நாற்பது குண்டும் நின்றே சுடலாம்."

நடுவாந்தரமான நண்டு நான்கு.
அவ்வளவுதான்.
தினமும் டன் கணக்கில் எழுதும் கை
இந்த நான்கு நண்டில் வந்து நிற்கிறது.

உச்சிப்புளி ரயில்வே கேட்டில்
ஸ்கூட்டரோடு விழுந்ததில்
இடது காறை எலும்பில் ஒரு தகடு, ஆறு திருகு.
அவற்றின் எடையை
மருத்துவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இருபத்தெட்டாவது குண்டில் அவை பேசத் தொடங்கும்.
முதலில் வலி இல்லை. ஒரு சந்தேகம்.
பிறகு முன்குறியின் வளையம்
கறுப்பு வட்டத்தை விட்டுக் கீழே
எண்ணெய்போல வழியும்.

சங்கத்தில் மெல்லிய குழல் துப்பாக்கி ஒன்று உண்டு.
ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிப் பார்த்தேன்.
தூக்கியதும் சிரிப்பு வந்தது,
காலிக் குடத்தை நிறைகுடமென்று நினைத்துத் தூக்கியதுபோல.
அன்றைக்குக் கச்சான்.
இலக்குக்குப் பக்கத்தில் கட்டிய ரிப்பன் துணி
படுத்தே கிடந்தது காற்றில்.
காற்று தொட்ட பக்கமெல்லாம் குழல் போனது.
காற்று நின்றபோது அடித்தது என் நாடி.
கனத்த குழல் அதை விழுங்கிக்கொள்ளும்.
இதுவோ
நெஞ்சில் நடப்பதை நுனியில் சொல்லிக் காட்டியது.

ஆனாலும் கணக்கு கணக்குதான்.
பழையது: முதல் இருபதில் நூற்றுத் தொண்ணூறு,
கடைசி இருபதில் நூற்று எழுபத்தொன்பது.
மெலிசு: நூற்று எண்பத்து மூன்று, நூற்று எண்பத்து நான்கு.
கூட்டிப் பார்த்தால் இரண்டே புள்ளி.
பழகினால் அந்த இரண்டும் வந்துவிடும்.
பழகினால் என்கிற சொல்லை
வேண்டியவர் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

காலையில் சேகு ஜலாலின் பாய்வள்ளம் புறப்பட்டது.
இருவர் மணல் சாக்கை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தார்கள்.
வேண்டாத கனத்தை வேண்டுமென்றே ஏற்றிப் போகிறார்கள்,
பாய் சாயாமல் இருக்க.
இதோ விடை என்று ஒரு நிமிடம் குதித்தேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.
வள்ளத்துக்குத் தோள் இல்லை.
அதன் மணலைச் சுமப்பது கடல்.

உரிமப் புத்தகத்தில் குழல் மாற்றத்தைப் பதிய
ஆரோன் ஒரு படிவம் அனுப்பியிருந்தான்.
கடைசியில் 'காரணம்' என்று அரை வரி இடம்.
வயது என்று எழுதலாம். முப்பத்தெட்டு.
தகடு என்று எழுதலாம்.
பயம் என்று எழுதினால்
எந்த எழுத்தர் முத்திரை குத்துவார்?
மூன்று நாள் கைப்பையில் கிடந்து
அதில் கருவாட்டு வாசம் ஏறியது.

இன்று மாலை மறுபடி தராசு.
இந்த முறை ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்தேன்.
குழல், பூட்டு, கன்னத்துப் பலகை,
பிறகு பின்கட்டை.
வால்நட் மரம்; முழங்கையளவு.
எவனோ அழகுக்காக விட்டுவைத்த புடைப்பு அதில்.
ஆரோனைக் கூப்பிட்டேன்.

"குழல் இருக்கட்டும். பின்கட்டையை இழைத்துக் கொடுங்க."
"அப்ப மூக்கு இன்னும் கனக்கும் மேடம்."
"தெரியும். இடது கையை ஒரு விரல் முன்னே வச்சுக்கிறேன்."
"தோளு?"
"அதை நான் பாத்துக்கிறேன்."
கொஞ்ச நேரம் அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.
"சரி, எவ்வளவு எடுக்கணும்?"
ஜெரினா கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்,
திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு நண்டு" என்றேன்.